உருக்கின் இடது கை

ஜூலை 11, வெள்ளி

புத்தகம் வந்துவிட்டது. மிதுலாவை இடது தோளில் போட்டுக்கொண்டே கூரியர்காரரிடம் கையெழுத்திட்டு, பார்சலைப் பல்லால் கிழித்துத் திறந்தேன். அட்டையில் ‘நெடுவெளி’ என்ற அந்தப் பழைய சாய்வெழுத்து. அடியில், எறும்பு அளவில், ‘கதை: சுபாஷினி கோகுலநாதன்’. போன இதழிலும் இருந்தது. ஆனாலும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எண்பத்து நாலிலிருந்து வரும் சித்திரக்கதை. ஆலா என்கிற விண்கலம், அதன் கேப்டன் இளமாறன், இயந்திர மனிதன் உருக்கு. இவர்களைப் படித்துத்தான் எங்களில் பலபேர் வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பழகினோம். எழுதிவந்த அமரநாதன் ஐயா நான்கு வருஷம் முன்பு காலமானதும் தொடர் நின்றுபோனது. பதிப்பாளர் அண்ணாச்சி சிவகாசியிலிருந்து, விருப்பமுள்ளவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று அறிவித்தபோது, நான் கல்லூரியில் இயற்பியல் வகுப்பெடுத்த வேலையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அனுப்பினேன். எடுத்துக்கொண்டார். எந்த சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அண்ணாச்சிக்கே சொன்னேன்.

இது என் இரண்டாவது இதழ், ‘கண்ணாடித் தொட்டில்’. யாரோ விட்டுப்போன ஒரு கலத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கைக்குழந்தை கிடைக்கிறது. உருக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஆலாவுக்குத் திரும்புகிறான். கண்ணாடிப் பேழை எப்படித் தோன்றியது என்று ஓவியர் ஜெயசீலன் அண்ணன் கேட்டார். சும்மா தோன்றியது என்றேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் காட்சியானாலும், “நின்னு காட்டுங்க மேடம்” என்பார். நான் கூடத்தில் நிற்பேன், மாடிப்படியில் சாய்வேன், பிரிட்ஜ் கதவைக் கலத்தின் கதவாக நினைத்துத் தள்ளுவேன். கோகுல் படம் பிடித்து அனுப்புவார். அண்ணன் அந்தப் படத்தின் மேலேயே கோடு போடுவார். உருக்கு குழந்தையோடு நடந்துவரும் நான்கு பக்கமும் நானும் மிதுவும்தான். “இரும்பு மூஞ்சிக்குள்ள உன் மூஞ்சி தெரியுது சுபா” என்று கோகுல் சிரித்தார்.

தினமும் நாலு வரி எழுதுங்கள், நல்லதாக நடந்த ஒன்றையாவது எழுதுங்கள் என்று ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டரம்மா சொன்னார். இன்று நல்லது தேட வேண்டியதே இல்லை.

மிது தூங்குகிறாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

உருக்குக்கு இடது கை கிடையாது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாட்ஸப்பில் ‘ஆலா பயணிகள்’ என்று வாசகர் குழு ஒன்று இருக்கிறது. வெறும் வாசகியாக இருந்த காலத்திலிருந்து நானும் அதில் இருக்கிறேன். காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது செய்திகள் குவிந்திருந்ததைப் பார்த்தேன். பாராட்டு என்று நினைத்து, அடுப்பைக் கூடப் பற்ற வைக்காமல் திறந்தேன்.

தொண்ணூற்று ஒன்றில் வந்த ‘எரிகல் மழை’ கதையில், கல் விழுந்து நெளிந்த கதவை உருக்கு இடது கையால் பிடித்து நிறுத்துகிறான். குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் உள்ளே ஓடி வரும்வரை விடவில்லை. கடைசியில் கதவு மூடுகிறது, கை வெளியே போய்விடுகிறது. புதுக் கை பொருத்தித் தருகிறேன் என்று கேப்டன் சொல்லும்போது, “வேண்டாம் கேப்டன். அந்தக் கதவு இன்னும் என் கையில்தான் இருக்கிறது” என்கிறான். அதற்குப் பிறகு முப்பது வருஷமும் அவன் ஒற்றைக் கையன்தான். தெருவில் நிறுத்திக் கேட்டால் கூட வாசகர்கள் சொல்வார்கள்.

நான் அந்தக் கதையை எட்டாம் வகுப்பில் மறுபதிப்பில் படித்தவள். பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதவள். அதே நான், நான்கு பக்கத்துக்கு உருக்கின் இடது கையில் குழந்தையைக் கொடுத்து நடக்க விட்டிருக்கிறேன்.

உடனே ஜெயசீலன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்கு வரையும்போதே சந்தேகம் வந்ததாம். “நீங்க ஏதோ மனசுல வச்சுத்தான் எழுதியிருப்பீகன்னு நெனச்சேன் மேடம். அடுத்த இதழ்ல அவுந்துரும்னு பேசாம இருந்துட்டேன்” என்றார். கோபம் வரவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதர்.

குழுவில் பெரிய குரல், கரூர் பல் டாக்டர் முருகவேளுடையது. எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். பின்னால் பல் குடையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். “தொண்ணூத்தொண்ணுல போன கை போனதுதானுங்க. இன்னும் கொஞ்சம் வாயத் தொறங்கம்மா. அந்தக் கை போறப்ப எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் அன்னிக்குச் சோறு திங்கல. துப்புங்க. இந்த எழுத்தாளரம்மாவுக்கு அந்தக் கையோட அருமை தெரியுங்களா?”

தெரியும் டாக்டர். அதுதான் கொடுமை.

ஜூலை 14, திங்கள்

கோகுல் என் போனைப் பிடுங்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். அத்தை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண் திறந்த தேங்காய்க்குள் வெல்லமும் எள்ளும் பச்சைப்பயறும் அவலும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் செருகி, நெருப்பில் பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். தெருவே வெல்லம் கருகும் வாசனையில் மணத்தது. நான் மிதுவோடு கடைசி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன். புகை ஆகாது.

அத்தை டெலிபோன்ஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தரம்தான் சொல்வார். “அம்மிணி, புள்ளையக் கொண்டா. நீயி போயி ஒரு வாய் உண்ணு” என்றார். உங்களுக்கு முழங்கால் வலி அத்தை, எதற்கு சிரமம் என்றேன். அவர் நெருப்பருகே அரைமணி நேரம் குத்துக்காலிட்டு இருந்துவிட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். என்னைப் பார்த்தார். சுட்ட தேங்காயைத் துண்டு போட்டு எனக்கு ஊட்டிவிட்டார். என் கை இரண்டும் வேலையாக இருந்ததே.

குழுவில் கேலிப் படங்கள். உருக்குக்கு எட்டுக் கை வைத்து ஒருவர். இடுப்பில் பால் புட்டியோடு கேப்டன். ‘இனி இது நெடுவெளி இல்லை, நெடுந்தூளி’ என்று ஒருவர். அது மட்டும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளை பெற்றவளிடம் விண்கலத்தைக் கொடுத்தால் தொட்டிலாகத்தான் ஆக்குவாள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது நன்றாக இல்லை. அவருக்குப் பல் டாக்டரே பதில் போட்டிருந்தார்: “கைக்குத்தான் சண்டை. அந்தப் பேச்செல்லாம் இங்க வேண்டாமுங்க.” பின்னால் இயந்திரச் சத்தம் கூட இல்லை. நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார்.

இன்றைய நல்லது இது. எதிரியிடமிருந்து வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணாச்சி கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

“ஒங்களக் குத்தம் சொல்லல தாயி. அச்சுக்குப் போகுமுன்ன நானுந்தான் பாத்தேன். புள்ள மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், கையைப் பாக்கல.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். வருஷா வருஷம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் கூடுவது வழக்கம். இந்த முறை அங்கே வைத்து நேராகக் கேட்டுவிடப் போகிறாராம், தொடர் வேண்டுமா வேண்டாமா என்று. அமரநாதன் ஐயாவும் அவரும் ஒரே பாயில் படுத்து உருவாக்கிய கலம் அது. ஐயா பெயர் கெட்டு அந்தக் கலம் பறக்க வேண்டாம், வாசகர்கள் வேண்டாம் என்றால் நெடுவெளியை இந்த இதழோடு முடித்துக்கொண்டு பழைய கதைகளை மட்டும் மறுபதிப்புப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றார். ஒரு மாற்று யோசனை இருந்தால் அதற்குள் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

சரிங்க அண்ணாச்சி என்றேன்.

நாற்பது வருஷம் பறந்த கலம். எரிகல் விழவில்லை, பகைவர் சுடவில்லை. ஈரோட்டில் ஒருத்தி குழந்தையை எந்தக் கையில் வைத்திருக்கிறோம் என்று பார்க்காததால் விழுந்தது. அப்படித்தான் சொல்வார்கள். சொல்வது சரியாகவும் இருக்கும்.

மிதுவுக்கு முன்பல் முளைக்கிறது. கழுத்தெல்லாம் எச்சில். சந்தோஷம்.

ஜூலை 24, வியாழன்

இடது கைப் பெருவிரலை அசைக்க முடியவில்லை. இரண்டு மாதமாகவே வலி உண்டு. இன்று பால் பாத்திரம் கைநழுவிக் கீழே விழுந்தது. மிதுவாக இருந்திருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோகுல் அரை நாள் விடுப்புப் போட்டு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பெருவிரலை மடக்கிப் பார்த்தார். நான் கத்தினேன். பிள்ளை தூக்குகிற தாய்மாருக்கு வருவதுதான், ஆனால் இந்த அளவுக்கு வீங்கிப் பார்த்ததில்லை என்றார். “கீழ வைக்கறதே இல்லீங்களா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கோகுல், “இல்லீங்க” என்றார். ஏதோ வெகு நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல.

மூன்று வாரத்துக்குக் கட்டு. அந்தக் கையில் குழந்தையைத் தூக்கவே கூடாது. வலது கையில் தூக்குகிறேன் என்றேன். அந்தக் கையிலும் இதையே வரவழைத்துக்கொள்ள வேண்டுமா என்றார்.

திரும்பி வரும்போது மிது அத்தையின் மடியில் என் புத்தகத்தின் அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அட்டைக்கே போனாள். விமர்சகர்களிலேயே கனிவானவள் என்றார் கோகுல்.

ஜூலை 27, ஞாயிறு

வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தலைக்குச் சீயக்காய் போட்டு நிதானமாகக் குளித்தேன். நடுவில் மூன்று முறை தண்ணீரை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். சிரிப்புச் சத்தம்தான்.

நேரம் கிடைத்துவிட்டது, கதை வரவில்லை. உருக்குக்கு ரகசியமாகப் புதுக் கை பொருத்தினார்கள் என்று எழுதினேன். அப்படியானால் தொண்ணூற்று ஒன்றில் அவன் சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லை. அந்த நான்கு பக்கமும் கேப்டன் கண்ட கனவு என்று எழுதினேன். கனவு என்று முடிக்கிறவர்களை நானே குழுவில் திட்டியிருக்கிறேன். உருக்கைப் போலவே இன்னொரு இயந்திரம் என்று எழுதி, அதையும் கிழித்தேன்.

குழுவில் அவர்களும் ஆளுக்கொரு விளக்கம் யோசித்து, அடுத்தவர் யோசனையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காத ஒன்றுக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று தோன்றியது. யாரும் குழுவை விட்டுப் போகவில்லை.

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அத்தை சமையலறை வாசலில் நின்று, “ஏன் அம்மிணி ஆடிட்டே நிக்கற?” என்று கேட்டார். கால் மரத்துப்போய்விட்டது என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோகுலும் அத்தையும் மிதுவைக் காவிரிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். நான் எழுத வேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டேன். எழுதவில்லை. வாசலில் நின்றுகொண்டே இருந்தேன்.

வந்தாள். நெற்றியில் மஞ்சள், உள்ளங்காலில் ஆற்று மணல். ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளை மறுநாள் கூட்டம். கையில் ஒரு பக்கம் கூட இல்லை.

போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கூட்டத்தில் தும்முவார்கள், இருமுவார்கள். மிதுவைக் கூட்டிப்போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பினால் புரிந்துகொள்வார். கோகுலிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “சரி. ஆனா குழந்தையக் காரணம் சொல்லாத. பெரிசானதும் அவ இதையெல்லாம் படிப்பா” என்றார்.

அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நால்வரும் போனோம். புத்தகக் கூடாரங்களுக்குப் பின்னால், அப்பளம் பொரிக்கும் கடையை ஒட்டி, வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். பழைய இதழ்களைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அத்தை மிதுவைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் நின்றார். நான் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே இருந்தேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தான் படித்த முதல் இதழ் மூன்றையும் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் சரி. அண்ணாச்சியும் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, சிவகாசி என்று சொல்லி, முதல் இதழ் என்றார். எப்போதும் இதற்கு ஒரு சிரிப்பு எழுமாம். இன்றைக்கு எழவில்லை.

டாக்டர் முருகவேளை அப்போதுதான் பார்த்தேன். குரலை வைத்து மீசையும் தொப்பையுமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். “முருகவேளுங்க. கரூருங்க. எரிகல் மழை.”

அடுத்து என் முறை. எழுந்து நின்றேன். “சுபாஷினி. ஈரோடு. எரிகல் மழை” என்றேன்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரும்.

அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தொடர் வேண்டுமா, இத்தோடு போதுமா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எல்லாம் நினைவில்லை. அந்த நான்கு பக்கத்தையும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஐயா போனதோடு கப்பலும் போயிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் டாக்டர் எழுந்தார்.

“நான் சண்டைக்குத்தான் வந்தனுங்க” என்றார். “எனக்கு இந்தம்மா மேல கோவமில்லீங்க. போன இதழு நல்லாவே இருந்துச்சு. ஆனா எரிகல் மழையைப் படிச்ச ஒருத்தர் அந்தக் கையை மறக்க முடியாதுங்க. படிக்காதவங்க மறந்தா மன்னிச்சரலாம். படிச்சவங்க எப்படி மறந்தீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு வாசகம் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம்” என்றார். குரல் தணிந்திருந்தது. “பாப்பா அங்க மரத்துக்கிட்ட இருக்குது. நீங்க யாரை ஆட்டறீங்க?”

குனிந்து பார்த்தேன். கட்டுப் போட்ட இடது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. உடம்பு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. வலது கை, ஒன்றும் இல்லாத இடத்தில், தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. இதுவரை கோகுலிடம் கூட முழுதாகச் சொல்லாததை நாற்பது பேர் முன்னால் சொன்னேன். மிது குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் கை விடுவதற்கு ஒரு வட்ட ஓட்டை இருக்கும். தொடலாம், தூக்கக் கூடாது. தூக்கிக்கொள்ளுங்கள் என்று கொடுத்த நாளிலிருந்து நான் அவளைக் கீழே வைக்கவே இல்லை. இந்தக் கையில்தான் இருந்தாள். இந்தக் கையில் அவள் இருக்க, அந்தக் கையால்தான் தட்டச்சு செய்தேன். படத்துக்கும் அப்படியேதான் நின்றேன். “உருக்குக்கு இடது கை இல்லைன்னு எனக்குத் தெரியும் டாக்டர். ஆனா குழந்தையை வேற எந்தக் கையில வைக்கறதுன்னு எனக்குத் தெரியல” என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். இனி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டாக்டரும் உட்கார்ந்தார். மடியில் இருந்த இதழைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், “குழந்தையத் தூக்கறதுக்கு முந்தின பக்கத்துல கலத்துல ஈர்ப்பு விசை போயிருதுங்கல்ல?” என்றார்.

ஆமாம். வெடிப்பில் ஈர்ப்பு இயந்திரம் நின்றுவிடுவதாக நான்தான் எழுதியிருந்தேன். ஜெயசீலன் அண்ணன் கேப்டனின் தலைமுடியைக் கூட மிதக்க விட்டு வரைந்திருந்தார்.

“அப்ப அந்த நாலு பக்கமும் எடையே இல்லீங்களே. குழந்தையப் புடிக்கறதுக்குக் கை எதுக்குங்க?”

பிறகு ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேச ஆரம்பித்தார்கள். பிடிக்காமல் விட்டால் குழந்தை எங்கேயாவது மிதந்து போய்விடாதா என்று ஒருவர். இல்லை, பேழையிலிருந்து எடுத்த வேகம் இருக்கும் என்று இன்னொருவர். எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் குழந்தை பக்கத்திலேயே வரும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை என்றேன். வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன். எழுதும்போது தோன்றவில்லை.

“அப்படின்னா அந்தக் கை எப்படிப் படத்துல வந்துச்சு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் விடாமல் கேட்டார்.

அப்போதுதான் அது வந்தது. நான் தேடவில்லை, வந்தது. மறுபடி எழுந்து நின்று சொன்னேன். அடுத்த இதழின் முதல் பக்கம். ஆலாவின் கண்காணிப்புக் கேமரா பதிவைக் கேப்டன் பார்க்கிறார். அதே நான்கு பக்கக் காட்சி. ஆனால் பதிவில் உருக்குக்கு இடது கை இல்லை. குழந்தை அவன் தோளை ஒட்டி மிதந்து வருகிறது. அவன் மட்டும் காந்தப் பாதங்களைத் தரையில் பதித்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்து, கனமான ஒன்றைச் சுமப்பவன் போல நடக்கிறான். கேப்டன் அவனைக் கூப்பிட்டு, பாப்பாவை எந்தக் கையில் பிடித்திருந்தாய் என்று கேட்கிறார். இடது கையில்தான் கேப்டன் என்கிறான். கேப்டன் பதிவை அழித்துவிடுகிறார். நாம் போன இதழில் பார்த்தது அவன் உணர்ந்ததை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

“அந்தக் கதவு இன்னும் அவன் கையிலதான் இருக்குது” என்றார்.

அண்ணாச்சி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது போல அந்தப் பக்கம் போய்விட்டார். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. திரும்பி வந்தவர் ஜெயசீலன் அண்ணனுக்குப் போன் போட்டு, முதல் பக்கம் எப்போது கிடைக்கும் என்று கேட்டதைத்தான் நாங்கள் பதிலாக எடுத்துக்கொண்டோம். அந்த இளைஞர் மட்டும், சப்பைக்கட்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திருப்பூர்க்காரர். போகட்டும். அவர் கேட்ட கேள்வியில்தான் கதையே கிடைத்தது. அதைச் சொல்வதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

கிளம்பும்போது டாக்டர் வந்து, பாப்பாவைக் கொஞ்சம் வாங்கலாமா என்று கேட்டார். எப்போதும் தயாராக வைத்திருக்கும் பதில் நாக்கு வரை வந்தது. அத்தை என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான்.

“கை மட்டும் கழுவிட்டு வாங்கிக்கங்க டாக்டர்” என்றேன்.

அவர் பாட்டில் தண்ணீரில் கை கழுவி, வேட்டியில் துடைத்து, மறுபடி யோசித்துக் கைக்குட்டையில் துடைத்து, வாங்கிக்கொண்டார். இடது கையில். மிது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவினாள். அவர் அவள் வாயைத் திறந்து பார்த்து, கீழ்ப்பல் இரண்டும் வரிசையாக இருக்கிறது என்று எனக்கு அறிக்கை கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இனி அச்சுக்குப் போகும் முன் எல்லாப் பக்கங்களையும் டாக்டர் முருகவேள் பார்க்க வேண்டும். நேற்று அனுப்பினேன். இன்று மதியம் அவருடைய குரல் வந்தது, பின்னால் இயந்திரத்தோடு. கேப்டனின் தழும்பு இடப்பக்கப் புருவத்தில் இருக்க வேண்டும், ஆலாவின் வால் விளக்கு பச்சை, மஞ்சள் இல்லை. நடுவில் நோயாளிக்கு, வாயை மூடாதீங்க. மூன்றாம் பக்கத்தில் உருக்கு சாய்ந்திருப்பது போதாது, இன்னும் கொஞ்சம் சாயச் சொல்லுங்கள் ஓவியரை, குழந்தை கனமல்லவா.

ஜெயசீலன் அண்ணனிடம் சொன்னேன். “அப்ப நின்னு காட்டுங்க மேடம்” என்றார்.

கூடத்தில் நின்றேன். கையில் யாரும் இல்லை. கோகுல் படம் எடுத்தார். எடுத்துவிட்டுப் போனைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அனுப்பினார். நேற்று வரைக்கும் இந்த மனிதர் பேசாமல் இருந்த நேரங்களை நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

மிது அடுத்த அறையில் அத்தையின் பக்கத்தில் தூங்குகிறாள். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அத்தை எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தவர். குழந்தை புரண்டால் கூடக் கேட்கும் அவருக்கு.

கையின் கட்டைக் காலையில் அவிழ்த்துவிட்டேன். வலி இல்லை. மேசையில் எழுதும் இந்த நேரத்திலும் அது மடங்கித்தான் இருக்கிறது. நீட்டவில்லை. இருக்கட்டும்.